சி.டி. நார்மல், தலைவலி மட்டும் போகவில்லை: மூளைச் சிரையில் ரத்தம் உறைந்த அனுபவம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, இந்த நோய் வந்து மீண்ட யாராவது நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறார்களா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிக்க முடிந்தது. கிடைத்தவை பெரும்பாலும் டாக்டர்கள் டாக்டர்களுக்காக எழுதியவை. மிச்சம், படித்ததும் உயில் எழுதத் தோன்றும் ரகம். எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ வேறு. ஊசி எத்தனை நாள் போடுவார்கள், வேலைக்கு எப்போது போகலாம், இந்த வலி நிற்குமா நிற்காதா, தனியாக இருக்கிற ஆள் எதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மூளைக்குப் போன ரத்தம் சிரைகள் வழியாக வெளியே வருகிறது. அந்தச் சிரைகள் எல்லாம், மூளையை மூடியிருக்கும் தடித்த உறைக்குள் ஓடும் பெரிய கால்வாய்களில் வந்து கலக்கின்றன. இவற்றுக்குத்தான் வீனஸ் சைனஸ் என்று பெயர். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும் சைனஸ் வேறு, இது வேறு. உச்சந்தலையின் நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஒன்று ஓடுகிறது. பின்மண்டையில் அது இரண்டாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் வளைந்து, கழுத்துச் சிரைக்கு இறங்குகிறது. இந்தப் பாதையில் எங்காவது ரத்தம் உறைந்துவிட்டால், சாக்கடை அடைத்த வீட்டில் தண்ணீர் திரும்பி மேலே ஏறுகிற கதைதான். மண்டைக்குள் அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் அதனால் வருபவை. இன்னும் ஏறினால் மூளைத்திசு வீங்கும், சின்னச் சின்ன சிரைகள் கசிந்து உள்ளுக்குள் ரத்தக்கசிவு வரும், வலிப்பும் வரலாம். நாம் வழக்கமாகக் கேள்விப்படும் பக்கவாதத்தில் ரத்தம் உள்ளே வரும் தமனி அடைபடுகிறது. இதில் வெளியேறும் வழி அடைபடுகிறது. மொத்தப் பக்கவாதங்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான் இந்த வகை. ஆனால் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் கீழே, அதிலும் ஆண்களைப் போல மூன்று மடங்கு பெண்கள். கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் ஆகியவைதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

என் விஷயத்தில், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்ததற்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில மாதங்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டேன். உடம்பு வற்றிப்போனது. அது சரியாகி வரும்போது பின்மண்டையில் மந்தமாக ஒரு வலி ஆரம்பித்தது. எனக்கு ஒற்றைத் தலைவலி கல்லூரி நாளிலிருந்தே உண்டு. அது வருகிற விதம், போகிற விதம் எல்லாம் அத்துப்படி. ஜன்னலை மூடிவிட்டுப் படுத்துத் தூங்கினால் பாதி போய்விடும். இது நேர்மாறாக இருந்தது. படுத்தால் கூடியது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கியது. இருமினால், குனிந்து செருப்பு மாட்டினால், கழிப்பறையில் முக்கினால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. விடியற்காலையில்தான் உச்சம். ஒருநாள் விட்டு மறுநாள் குறைவது கிடையாது, படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ் என்று ஒரு சத்தம். நாற்காலியிலிருந்து எழுந்தால் சில வினாடிகள் கண் இருட்டிப் பிறகு தெளியும். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, தண்ணீர் குடி என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் பார்த்த மருத்துவர், பழைய ஒற்றைத் தலைவலி என்று கேட்டதுமே மாத்திரை எழுதிவிட்டார். அது கேட்கவில்லை. அடுத்துப் போன இடத்தில் அவசரப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி. அது. “நார்மல்தாங்க. வேலை டென்ஷன் அதிகமா?” என்று கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டர். வேலை டென்ஷன் யாருக்குத்தான் இல்லை? நான் தலையை ஆட்டினேன், அவர் தூக்க மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டோடு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதிதான். ஸ்கேனே நார்மல் என்றால் பெரிதாக எதுவும் இருக்காது என்று மனம் சமாதானம் ஆகிவிட்டது. நான் என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும் இல்லை.

இந்த இடத்தில் நின்று சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கதையில் உண்மையான நஷ்டம் நடந்தது இங்கேதான். சாதாரண சி.டி. நார்மலாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. உறுதி செய்ய சிரைகளைத் தனியாகக் காட்டும் படம் வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே சேர்த்து எடுக்கும் எம்.ஆர். வெனோகிராம், அல்லது மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வெனோகிராம். எம்.ஆர்.ஐ. மட்டும் எழுதியிருந்தால், “சிரைகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கூடியிருந்தால் சந்தேகத்தைக் கூட்டும். ஆனால் நார்மல் என்பதற்காக இந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கண்ணின் பின்புறத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். பார்வை நரம்பின் தலை வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “பயங்கரமா தலை வலிக்குது” என்று மட்டும் சொன்னால், அவர் அன்று கேட்கும் பத்தாவது தலைவலி அதுவாக இருக்கும். “இது என் பழைய தலைவலி மாதிரி இல்லை, படுத்தால் கூடுகிறது, நாளுக்கு நாள் ஏறுகிறது, கண் இருட்டுகிறது, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொன்னால் கேள்வியே மாறிவிடும். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் அதை முதல் வரியாகச் சொல்ல வேண்டும். முதுகில் ஊசி போட்டதால் வரும் தலைவலி என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அந்தத் தலைவலி பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும். இது அப்படி இல்லை என்றால் விடாமல் கேளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தூக்க மாத்திரை போட்டும் தூங்கவில்லை. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலது கை விரல்கள் தானாகத் துள்ள ஆரம்பித்தன. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது என் கை மாதிரியே இல்லை. துள்ளல் தோளுக்கு ஏறி வாய்க்கு வந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்குக் கடிபட்டு ரத்தம். பேச முயன்றால் வார்த்தை வரவில்லை. எப்படியோ ஊர்ந்து போய்க் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதால் இன்று இதை எழுதுகிறேன். அவர்களுக்கு என் பெயர் தெரியும், அவ்வளவுதான். யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க என் போனை எடுத்தால் அது பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக வசிப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. பூட்டிய திரையிலிருந்தே பார்க்கும்படி அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் அந்த வசதி இருக்கிறது.

மூன்றாவது இடத்தில் வெனோகிராம் எடுத்தார்கள். நடுக்கோட்டுச் சைனஸின் பின்பாதியும், இடது பக்கச் சைனஸும் அடைத்திருந்தன. இடது மூளையில் வீக்கம், நடுவில் கொஞ்சம் ரத்தக்கசிவு. வலது கை பலவீனத்துக்கும் பேச்சு திக்கியதற்கும் அதுதான் காரணம். ஐ.சி.யூ.வில் போட்டார்கள். அன்றிரவு நியூரோ டாக்டர் வந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஆரம்பிக்கப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். வாழ்க்கையில் நான் மிகவும் பயந்த நேரம் அதுதான், வலிப்பு வந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று இப்போதுதான் சொன்னார்கள். அதற்குள் ரத்தத்தை இளக்கும் மருந்தா? கசிவு அதிகமாகிவிடாதா? கூட ஆள் இல்லை, யாரிடமும் கேட்க முடியவில்லை. திக்கித் திக்கிக் கேட்டேன். அவர் அவசரப்படாமல் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். “கசிவு ஏன் வந்துச்சு? வடிய வழியில்லாம அழுத்தம் ஏறினதால வந்துச்சு. அடைப்பு பெருசாச்சுன்னா அழுத்தம் இன்னும் ஏறும், கசிவும் ஏறும். உறையறதை நிறுத்தினாத்தான் கசிவும் நிக்கும்மா.”

பிறகு தேடிப் படித்தபோது, டாக்டர்களுக்கே இந்தப் பயம் பல காலம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. 1991-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 20 நோயாளிகளோடு பாதியில் நிறுத்தப்பட்டது. ஹெப்பாரின் கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைவிட அவ்வளவு நன்றாகத் தேறினார்கள். அவர்களில் ஏற்கெனவே மூளையில் கசிவு இருந்தவர்களும் உண்டு. 1999-இல் நெதர்லாந்து, இங்கிலாந்து மருத்துவர்கள் செய்த இன்னோர் ஆய்வும் கசிவு இருக்கும்போதே கொடுப்பது பாதுகாப்பானது என்ற பக்கமே சாய்ந்தது. இன்று சிகிச்சை வழிகாட்டிகள் எல்லாமே, இந்த நோயால் வந்த கசிவு ஹெப்பாரினுக்குத் தடை இல்லை என்றுதான் சொல்கின்றன. அந்த இரவில் இதை யாராவது என் காதில் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்து, ரத்தக்கசிவு இருக்கும்போது ஏன் இந்த மருந்து என்று சண்டை போடத் தோன்றினால், கேள்வியைக் கேளுங்கள், கேட்பது நியாயம். ஆனால் மருந்தைத் தள்ளிப்போட வைக்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தது ஹெப்பாரினில் ஒரு வகையான எனாக்ஸாபாரின் ஊசி. உடல் எடைக்கு ஏற்ற அளவில், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில். வயிறு முழுக்க நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் கன்றும். இந்த மருந்து உறைந்த ரத்தக் கட்டியைக் கரைப்பதில்லை. புதிதாக உறையாமல் தடுக்கிறது, கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்கிறது. இது புரியாததால், ஊசி போட்டும் தலைவலி ஏன் போகவில்லை என்று நான் நர்சுகளை நச்சரித்துக்கொண்டிருந்தேன். வலி குறையவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வலிப்புக்குத் தனி மாத்திரை. அழுத்தம் குறைய அசெட்டசோலமைடு. இதைச் சாப்பிட்டால் விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், சோடா வகையறா வாயில் வைக்க முடியாதபடி ருசி மாறும். இது மருந்தின் குணம்தான் என்று யாரும் சொல்லாததால், மறுபடி பக்கவாதம் வருகிறதோ என்று ஓர் இரவு முழுக்க விரல்களை எண்ணிக்கொண்டு விழித்திருந்தேன்.

இன்னொரு நோயாளியின் உறவினர் ஒருவர், கம்பி விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுத்துவிடலாமே, ஏன் உங்களுக்குச் செய்யவில்லை என்று கேட்டு என் தூக்கத்தைக் கெடுத்தார். அந்த முறை இருக்கிறது. ஆனால் நிலைமை மோசமாக இருந்தவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியானது. மருந்து மட்டும் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் அதில் தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் செய்வதில்லை, மருந்து கொடுத்தும் மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்கு யோசிக்கிறார்கள். மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கும் அறுவை சிகிச்சை வேறு விஷயம். வீங்கிய மூளை பக்கத்துப் பகுதியை நசுக்க ஆரம்பித்துவிட்டால் அது உயிரைக் காப்பாற்றும், அதில் தயங்க நேரம் இருக்காது. செலவான முறை என்பதால் நல்ல முறை என்று நினைக்க வேண்டாம். இந்த நோயின் முதன்மை மருந்து பழைய, சாதாரண மருந்துதான்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐ.சி.யூ., ஸ்கேன்கள், ஊசி எல்லாம் சேர்ந்து பல வருடச் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. அது தவிர்க்க முடியாதது. எரிச்சல் வருவது தவிர்த்திருக்கக் கூடிய இரண்டு செலவுகளால்தான். ஒன்று, ரத்தம் ஏன் உறைந்தது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைகள். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், அப்புறம் ஃபேக்டர் ஐந்து லெய்டன், ஆன்டிபாஸ்போலிப்பிட் என்று ஒரு நீண்ட பட்டியலை முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். விலை அதிகம். பிறகு பார்த்த ரத்தவியல் மருத்துவர் அதில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டார். கட்டி புதிதாக இருக்கும்போதும் ஹெப்பாரின் ஓடும்போதும் ஆன்டித்ராம்பின் குறைவாகக் காட்டலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின் சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறையும். ஹார்மோன் மாத்திரையும் கர்ப்பமும் புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கும். ஃபேக்டர் ஐந்து லெய்டன் போன்ற மரபணுப் பரிசோதனைகள் மட்டும் எப்போது எடுத்தாலும் மாறாது. ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை பாசிட்டிவ் என்று வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்ப எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஆகவே, “இதன் முடிவு இன்றைய சிகிச்சையை மாற்றுமா, இல்லை பிறகு எடுத்தால் போதுமா?” என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. எனக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது அதில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு காரணியாம்.

இரண்டாவது, காப்பீடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் “பல ஆண்டுகளாகத் தலைவலி உள்ளவர்” என்று ஒரு வரி. என் ஒற்றைத் தலைவலியைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. இது பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயாம். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பாத நிலையில், போனில் யாரோ ஒருவரிடம் மூளைச் சிரைக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இழுத்து, நியூரோ டாக்டர் தனிக் கடிதம் கொடுத்த பிறகு ஒரு பகுதி வந்தது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் சம்மரியைப் படிப்பதில்லை. படியுங்கள், உங்களால் முடியாவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். நோய் எப்போது ஆரம்பித்தது, பழைய நோய்கள் எவை, மாத்திரையின் பெயரும் அளவும், அடுத்த பரிசோதனை எப்போது என்பவை சரியாக இருக்க வேண்டும். ஸ்கேன் படங்களை ரிப்போர்ட் காகிதமாக மட்டும் வாங்காமல் படக்கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்து எங்கே போனாலும் ஒப்பிட அதைத்தான் கேட்பார்கள்.

ஊசியிலிருந்து வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றினார்கள். வார்ஃபரின் முழுதாக வேலை செய்ய ஐந்து நாளாவது பிடிக்கும், அதுவரை ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே ஓடும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். பரிசோதனைக்குப் போய்ப் போய்க் கை மடிப்பெல்லாம் பச்சை பூத்தது. டாபிகாட்ரான் போன்ற புது மாத்திரைகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. 2019-இல் வெளியான, 120 பேர் கலந்துகொண்ட ஆய்வில் டாபிகாட்ரான் வார்ஃபரினுக்கு இணையாகவே இருந்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் இருந்தால் வார்ஃபரின்தான் பாதுகாப்பு என்கிறார்கள், கர்ப்பமாக இருந்தால் இரண்டுமே கூடாது, ஹெப்பாரின் ஊசிதான். எனக்கு அந்தச் சோதனை முடிவு நிலுவையில் இருந்ததால் வார்ஃபரினிலேயே வைத்திருந்தார்கள்.

வார்ஃபரினில் இருக்கும்போது ஒருமுறை பல்லில் சீழ் பிடித்தது. பல் மருத்துவமனையில் வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று சொல்லியும், மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் ஈறில் ரத்தம், சிறுநீர் பழுப்பு நிறம். ஐ.என்.ஆர். 6-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து இறக்கினார்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், இன்னும் பல ஆன்டிபயாட்டிக்குகள் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். எந்தப் புது மருந்து எழுதினாலும், வார்ஃபரினைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, சில நாளில் ஐ.என்.ஆர். எடுத்துவிடுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. தசையில் போடும் ஊசியையும் தவிர்க்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, அளவு வாரத்துக்கு வாரம் ஒரேயடியாக மாறாமல் இருந்தால் போதும். ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. இவற்றோடு, எனக்கு எந்த ஆணும் எந்தப் பெண்ணும் சொல்லாத ஒன்று. வார்ஃபரினில் மாதவிடாய் வெள்ளமாக வரலாம். அதுவும் அதற்கு முன் போட்டுக்கொண்டிருந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்திய பிறகு. நான் அலுவலகத்தில் மயங்கி விழும் நிலைக்கு வந்த பிறகுதான் இரும்புச்சத்து ஊசியும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரான் சாதனமும் பற்றிப் பேச்சே எடுத்தார்கள். முதல் மாதவிடாய்க்கு முன்பே பெண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை சரியானது, பேச்சு சரியானது, தலைவலியும் பெரும்பாலும் போனது. எல்லோரும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஆனால் பார்வை நரம்பின் வீக்கம் அடங்க அதைவிட அதிக நாள் ஆனது. இந்த வீக்கம் பார்வையின் ஓரங்களிலிருந்து தின்ன ஆரம்பிக்கும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் நமக்கே தெரியாது. அதனால் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது போதாது. பார்வைப் புலப் பரிசோதனை செய்ய வேண்டும், வீக்கம் வடியும் வரை திரும்பத் திரும்ப. என் இடது கண்ணில் ஓரத்தில் கொஞ்சம் போய்விட்டது, அது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் சி.டி. எடுத்த அன்றே கண்ணைப் பார்த்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் கோபத்தைக் கிளப்புகிறது. கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

வேலைக்குத் திரும்பியதும் இன்னொரு அதிர்ச்சி. பார்க்க நன்றாக இருக்கிறேன், ஆனால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் ஏறாது. தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். ஐந்தில் நான்கு பேர் நன்றாகக் குணமாகிறார்கள் என்று புள்ளிவிவரம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் குணமானவர்களுக்குள்ளேயே களைப்பு, கவனக்குறைவு, மனச்சோர்வு, அவ்வப்போது தலைவலி என்று பலருக்கு நீடிக்கிறது. முதுகில் கட்டுப் போட்டிருந்தால் யாராவது விசாரிப்பார்கள், இதற்கு வெளியில் அடையாளம் எதுவும் இல்லை. முடிந்தால் அரைநாள் வேலையாக ஆரம்பியுங்கள். எழுத்துபூர்வமாக டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்ன சலுகை மேலாளர் மாறினால் போய்விடும். வலிப்பு வந்தவர்கள் வண்டி ஓட்டுவது பற்றிச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், டாக்டர் சரி சொல்லும் வரை தொட வேண்டாம். தனியாக நீச்சல், ஏணி, குளியலறைத் தாழ்ப்பாள் மூன்றையும் அந்தக் காலத்துக்கு மறந்துவிடுங்கள்.

சின்னத் தலைவலி வந்தாலும் மறுபடியும் அதுவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், எந்தத் தலைவலிக்கு ஓடி வரணும், எதற்குப் பாராசிட்டமால் போட்டுத் தூங்கணும் என்று. பழைய மாதிரியே படுத்தால் கூடி நாளுக்கு நாள் ஏறினால், பார்வை மங்கினால் அல்லது இரண்டாகத் தெரிந்தால், கை கால் பேச்சில் மாற்றம் வந்தால், வலிப்பு வந்தால், மருந்து சாப்பிடும்போது தலையில் அடிபட்டால் உடனே வர வேண்டும். மற்றவை காத்திருக்கலாம். அந்தப் பட்டியல் கையில் கிடைத்த பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. இந்த நோய் ஒருமுறை வந்தவர்களில் சிலருக்குத்தான் திரும்ப வருகிறது என்பதையும் அன்றுதான் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து எடுத்த வெனோகிராமில் நடுக்கோட்டுச் சைனஸ் திறந்திருந்தது, இடது பக்கம் பாதிதான். பாதிதானா என்று நான் முகம் வாடியதைப் பார்த்து டாக்டர் சிரித்தார். பக்கத்துச் சிரைகள் வழி விட்டுக்கொள்ளும், படத்தில் முழுதாகத் திறப்பதும் ஆள் குணமாவதும் ஒன்றல்ல என்றார். மாத்திரை எத்தனை காலம் என்பது காரணத்தைப் பொறுத்தது. என்னைப் போல நீங்கிவிடக் கூடிய காரணம் என்றால் பொதுவாக 3 முதல் 6 மாதம், காரணமே தெரியவில்லை என்றால் ஒரு வருடம் வரை, வலுவான பிறவி உறைவுக் கோளாறோ ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயோ இருந்தால் நீண்ட காலம். எனக்கு அந்தச் சோதனைகள் எல்லாம் சரியாக வந்ததால் வார்ஃபரினை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். தடை இல்லை, ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததுமே வர வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் வரை ஹெப்பாரின் ஊசி போட வேண்டியிருக்கும் என்றார். வார்ஃபரின் சாப்பிடும்போதே கருத்தரித்தால் குழந்தைக்கு ஊனம் வரும் அபாயம் உண்டு, அதனால் மாத்திரை ஓடும் காலத்தில் கருத்தடை அவசியம், ஈஸ்ட்ரோஜன் இல்லாத வகையில்.

இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், பல், தோல், கண் எதுவானாலும், உட்கார்ந்ததும் ஒரு காகிதத்தை நீட்டிவிடுகிறேன். மூளைச் சிரை அடைப்பு வந்த ஆண்டு, எந்தச் சைனஸ், வலிப்பு வந்ததா, என்ன மருந்து எத்தனை மாதம், நிறுத்திய தேதி, கடைசி வெனோகிராம் முடிவு, உறைவுச் சோதனை முடிவுகள், நியூரோ டாக்டரின் எண். அடியில் சிவப்பில் இரண்டு வரி: ஈஸ்ட்ரோஜன் உள்ள எந்த மருந்தும் கூடாது. அறுவை சிகிச்சை, நீண்ட நாள் படுக்கை, கர்ப்பம் என்றால் முன்கூட்டியே ரத்தவியல் மருத்துவரிடம் கேட்கவும். போன மாதம் ஒரு தோல் மருத்துவர் முகப்பருவுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தவர், அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.